இராயப்பர் நாற்காலி

என் வலது கால் தாம்பாளத்துத் தண்ணீரில் இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. பெரிய வியாழன் சாயங்காலப் பூசை. ஆண்டவர் தம் சீடர்களுக்குப் பாதம் கழுவியதை நினைத்து, எங்கள் கோவிலிலும் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துச் சாமியார் கால் கழுவுவார். முதல் நாற்காலி இராயப்பருக்கு, அதாவது பேதுருவுக்கு. எட்டு வருடமாக அதில் உட்காருகிறவன் நான், சவரிராஜ். தகுதி பார்த்து யாரும் என்னை உட்காரவைக்கவில்லை. முன்னால் என் அப்பா உட்கார்ந்தார், அவர் போனதும் கோவில் உபதேசியார் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் ஆரோக்கியம் அண்ணன். அந்த மனிதருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. சாமியார் என் காலைக் கழுவக் குனிந்த நேரமாகப் பார்த்து என் காதுக்குள் சொன்னார்.

"ஜோசப்பு வந்துட்டான்டா. ஜெயில்ல இருந்து விட்டுட்டாக. முத்துராஜா பட்டறையில நிக்கான்."

"பட்டறையில என்ன சோலி?"

"அருவாளுக்குச் சாணை பிடிக்கான். சவரி ஊர்லதான் இருக்கானான்னு கேட்டானாம்."

என் கால் சாமியார் கையிலேயே ஆடியது. தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து சிரித்துவிட்டு, காலைத் துடைத்து, அடுத்த நாற்காலிக்குப் போனார். எங்கள் பக்கத்தில் ஜெயிலிலிருந்து வந்தவன் வந்த அன்றைக்கே பட்டறை வாசலில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சின்னப் பிள்ளைக்குக்கூட அதை விளக்க வேண்டியதில்லை.

மரிய ஜோசப் என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அவனிடம் ஒரு ஜீப் இருந்தது. விடியுமுன் மார்க்கையன்கோட்டை, சின்னமனூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் வேலைக்கு விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது எங்கள் தொழில். ஓட்டுவது அவன். ஆள் சேர்ப்பது, போன் போட்டு எழுப்புவது, நேரத்துக்கு வராதவளோடு சண்டை போடுவது எல்லாம் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். காலை ஐந்து மணி, எதிரே ஒன்றும் தெரியாத பனி. ஜோசப் முந்தின நாள் கல்யாண டிரிப் போய்விட்டுத் தூங்காமல் வந்திருந்தான். "குடுறா, சின்னமனூரு வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்று சாவியைப் பிடுங்கியவன் நான். எனக்கு லைசென்ஸ் கிடையாது. பின்னால் இருந்தது ஒரே ஒரு பெண், மார்க்கையன்கோட்டையில் முதல் ஆளாக ஏறும் பாண்டீஸ்வரி. இருபத்திரண்டு வயது. அடுத்து ஏற வேண்டியவளுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே வாய்க்கால் பாலத்தில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பினேன். பாலத்துச் சுவரை நான் பார்க்கவே இல்லை.

பாண்டீஸ்வரி அங்கேயே போய்விட்டாள். ஜோசப்புக்கு இடது கை நசுங்கி இரண்டு விரல் போயிற்று, மூன்று நாள் நினைவில்லை. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து, "யாருய்யா ஓட்டுனது?" என்றார். வண்டி அவன் வண்டி, லைசென்ஸ் அவன் லைசென்ஸ். அவன்தான் என்றேன். மறுநாள் அவன் மனைவி லூர்து மேரி மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே அவுகதான் ஓட்டுனாகளாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் தாயி என்றேன். பிறகு கோர்ட்டில் கூண்டில் ஏறி, சத்தியம் பண்ணி, விரலை நீட்டி அவனைக் காட்டினேன். ஆக மூன்று தடவை. இராயப்பரும் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னவர். இராயப்பர் நாற்காலிக்கு நான் பொருத்தமான ஆள்தான். அவருக்காவது உடனே சேவல் கூவியது, வெளியே போய் மனம் கசந்து அழுதார். நான் வெளியே வந்து இரண்டு பரோட்டா தின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

ஜோசப் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெரியகுளத்தில் மாமியார் வீட்டில் கிடந்து கைக்கு வைத்தியம் பார்த்தான், அங்கிருந்தே கோர்ட்டுக்கு வந்தான், அங்கிருந்தே ஜெயிலுக்குப் போனான். என் முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பேசாமல் போனவன் மனதில் எதை வைத்துக்கொண்டு போனான் என்ற நினைப்பு இத்தனை நாளும் என்னை விடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்கதவைப் பூட்டினேன். என் மனைவி அருள்செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அவரு ஒங்கள எதுக்கு வெட்டணும்? நீங்க உள்ளதத்தான சொன்னீக."

பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம்கூட மூன்று வருடமாக வாயைத் திறக்காதவன் நான். பயப்படுவதும் பயம், எதற்குப் பயப்படுகிறேன் என்று சொல்ல முடியாமல் இருப்பது அதைவிடப் பெரிய பயம்.

"ஜெயிலுக்குப் போனவன் புத்தி எப்படி இருக்கும்னு யாரு கண்டா" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். "நாளான்னைக்கு இராயப்பன்பட்டிக்கு, ஒங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம்."

"ஈஸ்டர் பூசைய விட்டுட்டா? பேசாமப் படுங்க."

மறுநாள் பெரிய வெள்ளி. விடிந்ததும் விடியாததுமாக ஆரோக்கியம் அண்ணன் வந்துவிட்டார்.

"நேத்து சாயங்காலம் கடையில நைலான் கயிறு வாங்கிருக்கான். ரெண்டு சாக்கும் வாங்கிருக்கான்."

"சாக்கு எதுக்கு?"

"அதான் எனக்கும் வெளங்கல" என்று சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அளவு எடுக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவரை அனுப்பிவைத்தேன்.

மூன்று மணிக்குக் கோவிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் ஊர் கேட்கும். வியாழக்கிழமை பூசையோடு மணியை நிறுத்திவிடுவதால் மரக்கட்டையைத்தான் தட்டினார்கள். அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆகாது. பீடத்துக்கு முன்னால் பெரிய சிலுவையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் முழங்காலிட்டு, குனிந்து, ஆண்டவரின் பாதத்தை முத்தி செய்ய வேண்டும். நான் தலையைக் குனிந்தபடி வரிசையில் நகர்ந்தேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது, பின்னால் வந்து நின்றவனின் மூச்சு என் பிடரியில் பட்டது. திரும்பவில்லை. கூட்டம் நெருக்கியதில் ஒரு கை என் தோள் பக்கமாக முன்னே வந்து தூணைப் பிடித்தது. இடது கை. சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை.

வரிசையை விட்டு விலகவும் வழியில்லை. என் முறை வந்தது. முழங்காலிட்டேன், குனிந்தேன். கழுத்தை இப்படி நீட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு சடங்கு வைத்திருக்கிறார்களே என்று மனம் பதறியது. அந்த மரப்பாதத்தில் உதடு பட்டபோது ஆண்டவரை நான் நினைக்கவில்லை, என் பிடரியைத்தான் நினைத்தேன்.

எழுந்து திரும்பினேன். ஜோசப் மெலிந்து போயிருந்தான், தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம காலையில வீட்டுல இருப்பேல்ல?" என்றான், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில்.

தலையை ஆட்டினேன்.

"இரு" என்று சொல்லிவிட்டு அவன் முழங்காலிட்டான்.

சனிக்கிழமை காலை மஞ்சள் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு, அருள்செல்வியிடம் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கம்பம் பஸ் ஒன்று போயிற்று, தேனி பஸ் இரண்டு போயிற்று. ஏறவில்லை. நான் ஓடிப்போய்விட்டால் வருகிறவன் அருள்செல்வியைத்தான் பார்ப்பான். எதற்காக வந்தேன் என்று அவளிடம் சொல்லுவான். வெட்டுப்படுவதைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று இரவுப் பூசைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகவில்லை. அருள்செல்வி போனதும் முன்கதவில் தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டையையும் இழுத்துச் சாத்தினேன். விளக்கைப் போடவில்லை. கொஞ்ச நேரத்தில், மூன்று நாளாக வாய் மூடியிருந்த மணி ஒரேயடியாக அடிக்க ஆரம்பித்தது. வேட்டுப் போட்டார்கள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று ஊரே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. நான் மூட்டைமேல் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீடர்களும் அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு அஞ்சிப் பூட்டினார்கள் என்று வேதத்தில் இருக்கிறது, வருடா வருடம் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு அன்றைக்கு வேறொன்று தோன்றியது. அவர்கள் அவரை விட்டுவிட்டு ஓடியவர்கள். அவரைத் தெரியவே தெரியாது என்று சொன்னவர் ஒருவரும் அந்த அறையில் இருந்தார். கல்லறை காலியாக இருக்கிறது என்று காலையில் பெண்கள் வந்து சொன்னபோது அவர்களுக்குச் சந்தோஷமா வந்திருக்கும்? ஐயோ, திரும்பி வருகிறாரா, வந்தால் நம்மைப் பார்த்து என்ன கேட்பார் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்து அருள்செல்வி வந்தபோது மூட்டையை நகர்த்தி அவளை உள்ளே விட்டுவிட்டு மறுபடி சாத்தினேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் தூங்கவில்லை. வெளுக்கிற நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"சவரி."

நான் அசையவில்லை.

"ஏலே சவரி, கதவத் தொற. விடிஞ்சிருச்சு."

அருள்செல்வி எழுந்து கதவுக்குப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொறக்காத" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன செஞ்சீக?" என்று கேட்டாள்.

அவன் என்ன செய்வான் என்று கேட்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிடக் கதவைத் திறப்பது சுலபமாக இருந்தது. மூட்டையைத் தள்ளினேன், தாழ்ப்பாளை இழுத்தேன்.

ஜோசப் நின்றான். கக்கத்தில் அருவாள். தோளில் கயிறும் சாக்கும். வலது கையில் இன்னொரு கயிறு, அதன் மறுமுனையில் ஒரு கறுப்புக் கிடாய் எங்கள் வாசல் கோலத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

"என்னடா பேயறஞ்ச மாதிரி நிக்க? காலப் பிடிக்க ஆளு வேணும். ஒத்தக் கையில எனக்கு ஆகாது, வா."

எங்கள் தெருவில் பத்து வீடு சேர்ந்து ஈஸ்டருக்குப் பங்கு ஆடு போடுவது வழக்கம். வெட்டுவது எப்போதும் ஜோசப், காலைப் பிடிப்பது எப்போதும் நான். அவன் போன பிறகு யாரும் அதை எடுத்து நடத்தவில்லை, மூன்று ஈஸ்டருக்கும் சின்னமனூர்க் கடையில் கறி வாங்கித் தின்றோம். அருவாள் ஆட்டை அறுக்க, கயிறு கட்டித் தொங்கவிட, சாக்கு கறியைக் கூறு போட. நாற்பது நாள் கறி தின்னாமல் தவமிருந்த ஊருக்கு ஆடு ஞாபகம் வரவில்லை, என் கழுத்துதான் ஞாபகம் வந்தது.

கோவிலுக்குப் பின்னால் புளியமரத்தடிக்குப் போனோம். ஆட்டைப் படுக்கப்போட்டு நாலு காலையும் சேர்த்துப் பிடித்தேன்.

"இறுக்கிப் பிடி. நடுங்குது பாரு" என்றான் ஜோசப். "ஆட்டச் சொல்லல, ஒன்னச் சொல்றேன்."

வேலை முடிந்தது. தொங்கவிட்டுத் தோலை உரித்துக்கொண்டே கேட்டான்.

"ஒன்ன வெட்ட வாரேன்னு நெனச்சியோ?"

"ஆமா."

"மொத வருசம் வெட்டணும்னுதான்டா இருந்தேன். பொய் சொல்லல. தெனமும் ஒன்னிய வெட்டிட்டுத்தான் தூங்குவேன்."

"பெறகு?"

"பெறகு என்ன, அலுத்துப் போச்சு. இவன வெட்டிட்டா ஆட்டுக்கால யாரு பிடிக்கிறதுன்னு ஒரு யோசன." அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்டா ஒரு வார்த்த சொல்லல? நீ ஓட்டலன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சாவியக் குடுத்தது நான்தான. லைசென்சு இல்லாதவன்ட்ட குடுத்தேன்ல. அதும்போக ஒனக்கு ஊசி போட்டாலே மயக்கம் வரும், நீ உள்ள ரெண்டு நாளு தாங்கியிருக்க மாட்ட." பிறகு அருவாளைக் கீழே வைத்துவிட்டு இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அதுக்காக ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிறாத. இல்லாத வெரலு இன்னமும் வலிக்குது. லூர்து மேரி ரெண்டு வருசம் பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பாடு பட்டான்னு நீ ஒரு நா வந்து கேக்கல."

நான் அழுதேன். ஆண்டவர் உயிர்த்து வந்தபோது காயத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை, கையைக் காட்டினார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். சந்தோஷமான சங்கதியாகத்தான் எல்லாச் சாமியாரும் சொல்வார்கள். அந்தக் கையை இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் சந்தோஷம் வராது. நான் செய்தது அப்படியே இருந்தது. அதைச் சுமந்தவனே என்னைக் காலைப் பிடிக்கவும் கூப்பிட்டான்.

சாக்கை விரித்துக் கறியைக் கூறு போட்டான். வீடு பத்துதான். பதினோரு கூறு வைத்தான்.

"இது யாருக்கு?"

"பிச்சையம்மா ஆத்தாவுக்கு" என்றான். பாண்டீஸ்வரியின் அம்மா. "வந்தன்னைக்குப் பட்டறைக்கு முன்ன அங்கனதான் போனேன். எம்புள்ளயக் கொன்னவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கதவச் சாத்திட்டாக. எத்தன நாளு அந்த வீட்டுல கஞ்சி குடிச்சிருக்கேன் தெரியுமா." சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். "ஜெயிலு பரவால்லடா. இது தாங்க முடியல. நீ வந்து சொல்லு. நான் கூட வாரேன்."

"வரலன்னா?"

"வரலன்னா என்ன பண்ண. கறிய வாசல்ல வச்சுட்டு வந்துருவேன்."

அருவாளை ஓங்கியிருந்தால் ஓடியிருப்பேன். அவன் கறியை இலையில் கட்டத் தொடங்கினான். யாரோ பின்னால் நிற்பது தெரிந்து திரும்பினேன். எங்கள் கூறை வாங்கச் சட்டியோடு வந்த அருள்செல்வி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள். "போயிட்டு வந்து எங்கிட்ட பேசுங்க."

மார்க்கையன்கோட்டைக்கு நடந்தோம். வழியில் அந்த வாய்க்கால் பாலம். உடைந்த சுவரைப் புதிதாகக் கட்டி வெள்ளையடித்திருந்தார்கள். ஜோசப் நிற்காமல் நடந்தான். நான் பின்னால் போனேன். ஊரைக் கூட்டினால் என்ன செய்வது, போலீசுக்குப் போனால் என்ன செய்வது என்று என் புத்தி ஓடிக்கொண்டே இருந்தது. அது கடைசிவரை திருந்தாது.

பிச்சையம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜோசப் தட்டினான்.

"யாரு?"

"ஜோசப்பு, ஆத்தா."

"ஒன்ட்டதான் சொன்னேன்ல, இங்கன வராதன்னு."

ஜோசப் என்னைப் பார்த்தான். நான் கதவுக்குப் பக்கத்தில் போனேன்.

"ஆத்தா, நான் சவரிராஜ். கதவத் தொறக்க வேணாம், கேட்டாப் போதும். அன்னைக்கு ஜீப்ப ஓட்டுனது ஜோசப்பு இல்ல. நான்தான் ஓட்டுனேன். போன் பேசிக்கிட்டே ஓட்டுனேன். போலீசுலயும் கோர்ட்டுலயும் பொய் சொன்னேன்."

தெருவில் ஒரு பால்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பிறகு தாழ்ப்பாள் விலகியது. பிச்சையம்மாள் நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் ஜோசப்பின் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா, ஜோசப்பு" என்றாள். எனக்கு, "நீ அங்கனயே நில்லு" என்றாள்.

ஜோசப் கறிப் பொட்டலத்தோடு உள்ளே போனான். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவனுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள் போல.

"அவனும் இன்னும் சாப்பிடல, ஆத்தா" என்று ஜோசப் சொல்வது கேட்டது.

அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. வெயில் ஏறியது. கதவு திறந்தே கிடந்தது, நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.